புத்தக மதிப்பு: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

2010ஆம் ஆண்டு மலேசியத் தமிழர் வீடுகளில் ஓர் எண் ஓயாமல் பேசப்பட்டது. 80 காசு. கோலாலம்பூரில் மட்டுமல்ல, ஜொகூரில் குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களிலும் அதே பேச்சுதான். மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் ஒரு பங்குக்கு அந்த விலையைத் தருவதாக ஒருவர் முன்வந்திருந்தார். “ஒரு வெள்ளி கொடுத்து வாங்கியதற்கு 80 காசா?” என்று கொதித்தவர்கள் உண்டு. “இத்தனை ஆண்டு கழித்து இதாவது கிடைக்கிறதே” என்று பெருமூச்சு விட்டவர்களும் உண்டு. இரு தரப்பினரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருந்தது. அந்தப் பங்கின் புத்தக மதிப்பு என்ன?

புத்தக மதிப்பு என்றதும், இது கணக்காய்வாளர்களுக்கும் பங்குச் சந்தைக்காரர்களுக்கும் உரிய சங்கதி என்று பலர் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் கடை வைத்திருப்பவர், கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருப்பவர், அண்ணன் தம்பியோடு சேர்ந்து தொழில் செய்பவர் என எல்லாருக்கும் என்றாவது ஒரு நாள் இந்தச் சொல் குறுக்கே வந்து நிற்கும். அன்றைக்குத் தெரியாமல் போனால் நட்டம் நம்முடையதுதான்.

புத்தக மதிப்பு என்றால் என்ன?

மூவாரில் வட்டிக் கடை நடத்திய நகரத்தார் பெருமக்கள் தங்கள் கணக்கை முடிக்கும் ஏட்டுக்கு ‘ஐந்தொகை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கையிருப்பு எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும் கணக்கு அது. இன்றைய நிறுவனங்கள் வெளியிடும் இருப்புநிலைக் குறிப்பும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது.

அந்த ஐந்தொகையில் எழுதப்பட்டிருக்கும் சொத்துகளை எல்லாம் கூட்டுங்கள். அதிலிருந்து கடன்களை எல்லாம் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நிறுவனத்தின் புத்தக மதிப்பு. அதை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்கின் புத்தக மதிப்பு கிடைக்கும்.

தனி ஒரு பொருளுக்கும் புத்தக மதிப்பு உண்டு. ஒரு லோரியை 1,80,000 வெள்ளிக்கு வாங்குகிறோம். எட்டு ஆண்டு ஓடும், கடைசியில் 20,000 வெள்ளிக்கு விற்கலாம் என்று கணிக்கிறோம். இடையில் உள்ள 1,60,000 வெள்ளியை எட்டு ஆண்டுக்குப் பிரித்தால், ஆண்டுக்கு 20,000 வெள்ளி தேய்மானம். ஐந்து ஆண்டு முடிவில் அந்த லோரியின் புத்தக மதிப்பு 80,000 வெள்ளி. அதே நாளில் அதை விற்கப் போனால் 80,000 கிடைக்குமா? ஒரு லட்சமும் கிடைக்கலாம், ஐம்பதாயிரமும் கிடைக்கலாம். லோரி எப்படி ஓடியது, சந்தையில் அதற்குத் தேவை இருக்கிறதா என்பதெல்லாம் ஏட்டுக்குத் தெரியாது. வாங்கிய விலையும் கழிந்த ஆண்டுகளும்தான் அதற்குத் தெரியும்.

இங்கேதான் முதல் பாடம் இருக்கிறது. என்ன விலைக்கு வாங்கினோம், அதில் எவ்வளவு தேய்ந்துவிட்டதாகக் கணக்குப் போட்டிருக்கிறோம் என்பதையே புத்தக மதிப்பு சொல்கிறது. இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பதை அது சொல்வதில்லை.

மூன்று மதிப்பு, மூன்று எண்

இனி மைக்காவுக்குத் திரும்புவோம். மலேசிய இந்தியர்களின் பொருளாதார முன்னேற்றத்துக்காக என்று ம.இ.கா.வின் முயற்சியில் 1982ஆம் ஆண்டு உருவான நிறுவனம் அது. ஏறக்குறைய 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். திரண்ட தொகை சுமார் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. பங்குதாரர்களில் தோட்டப் பாட்டாளிகள் ஏராளம். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் உண்டு என்று அந்தக் காலத்தைக் கண்டவர்கள் சொல்வார்கள். 2010இல் டான்ஸ்ரீ ஞானலிங்கத்தின் ஜி டீம் ரிசோர்சஸ் நிறுவனம் அந்தப் பங்குகளை ஒவ்வொன்றும் 80 காசு விலையில் வாங்க முன்வந்தது.

வீடுகளில் நடந்த விவாதத்தில் ஒரு வெள்ளியையும் 80 காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பெரும்பாலோர் பேசினார்கள். அந்த ஒரு வெள்ளி பங்கின் முக மதிப்பு. பங்கு வெளியிட்ட நாளில் பத்திரத்தின் முகத்தில் அச்சிட்ட தொகை அது. நிறுவனம் வளர்ந்தாலும் மாறாது, தேய்ந்தாலும் மாறாது. பிறந்த நாளன்று எடுத்த குழந்தையின் எடையை வைத்துக்கொண்டு 28 வயதுப் பிள்ளையின் உடல்நலத்தை அளக்க முடியுமா? இந்தக் குழப்பத்தால்தானோ என்னவோ, 2017 ஜனவரி 31ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் முக மதிப்பு என்ற முறையே நீக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது எண் புத்தக மதிப்பு. நிறுவனத்தின் நிகரச் சொத்தில் ஒரு பங்குக்கு உரிய தொகை. மூன்றாவது சந்தை மதிப்பு. வாங்க விரும்புகிறவர் இன்றைக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை. 80 காசு என்பது இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அதை நிறுத்துப் பார்க்க வேண்டிய தராசு முக மதிப்பு அல்ல.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மைக்கா பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் அல்ல. பட்டியலில் இருக்கும் பங்கு என்றால் அதன் விலையைத் தினமும் நாளிதழில் பார்க்கலாம். ஆயிரம் பேர் வாங்கியும் விற்றும் வைத்த விலை அது. பட்டியலில் இல்லாத பங்குக்கு அப்படி ஒரு விலை கிடையாது. வாங்க வந்தவர் சொல்வதே விலை. அப்படிப்பட்ட இருட்டில் சிறு பங்குதாரர் கையில் இருக்கும் ஒரே விளக்கு ஐந்தொகைதான். ஒரு பங்குக்கு நிகரச் சொத்து எவ்வளவு, அந்தச் சொத்து எதில் இருக்கிறது என்பதை அதில்தான் பார்க்க முடியும்.

மைக்காவின் முக்கியமான சொத்து, ஓரியண்டல் கேப்பிட்டல் அஷுரன்ஸ் என்ற காப்புறுதி நிறுவனம். வங்கி, காப்புறுதி போன்ற தொழில்களில் சொத்தின் பெரும்பகுதி பணமாகவும் முதலீடாகவும் இருக்கும். ஆகவே மற்றத் தொழில்களைக் காட்டிலும் இங்கே புத்தக மதிப்பு உண்மை நிலைக்குச் சற்று அருகில் நிற்கும். என்றாலும் இனி வரப்போகும் இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்காக ஒதுக்கி வைக்கும் தொகை ஒரு மதிப்பீடுதான். அந்த மதிப்பீடு பிசகினால் புத்தக மதிப்பும் பிசகும். 80 காசு நியாயமா இல்லையா என்பதற்கு விடை தேட வேண்டிய இடம் இதுதான். பழைய பங்குப் பத்திரத்தில் அச்சிட்டிருந்த ஒரு வெள்ளியில் அந்த விடை இல்லை.

அந்த ஒரு வெள்ளியை மறந்துவிடவும் வேண்டியதில்லை. அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. 1982இல் ஒரு வெள்ளியை ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டு வட்டியில் போட்டிருந்தால் 28 ஆண்டில் அது ஏறத்தாழ 3 வெள்ளி 92 காசாகியிருக்கும். 1983 முதல் 1987 வரை ஊழியர் சேமநிதி ஆண்டுக்கு 8.5 விழுக்காடு ஈவு வழங்கியது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். போட்ட பணம் வேறு எங்கே என்ன ஆகியிருக்கும் என்பது ஒரு கேள்வி. இன்றைக்குக் கையில் உள்ள பங்கு என்ன பெறும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வி ஆதங்கத்துக்கு உரியது. விற்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு உதவுவது இரண்டாவது கேள்விதான்.

ஜொகூர் மண்ணில் புதைந்திருக்கும் மதிப்பு

காப்புறுதி நிறுவனத்தில் புத்தக மதிப்பு உண்மைக்கு அருகில் நிற்கும் என்றால், அது வெகு தூரம் விலகி நிற்பது நிலத்தில்தான். ஜொகூரில் இதைப் புரிந்துகொள்வது எளிது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கூலாய் பக்கம் ஒரு தோட்டத்தை அந்தக் காலத்தில் ஏக்கர் 1,000 வெள்ளிக்கு ஒரு நிறுவனம் வாங்கியது. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அப்படியானால் சதுர அடிக்கு இரண்டரைக் காசுகூட ஆகவில்லை. பிறகு நெடுஞ்சாலை வந்தது. 2006இல் 2,217 சதுர கிலோமீட்டர் பரப்பில் இஸ்கண்டார் மேம்பாட்டு வட்டாரம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒவ்வொரு முறையும் நிலத்தின் சந்தை விலை நகர்ந்திருக்கும். வாங்கிய விலையிலேயே நிலத்தைக் காட்டும் முறையை நிறுவனம் பின்பற்றினால், ஏட்டில் மட்டும் அது அதே இரண்டரைக் காசில் நிற்கும்.

கணக்கியல் தரம் இரண்டு வழிகளை அனுமதிக்கிறது. வாங்கிய விலையிலேயே வைத்திருக்கலாம். அல்லது மதிப்பீட்டாளரைக் கொண்டு மறுமதிப்பீடு செய்து புதிய விலையை எழுதலாம். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டு, ஒன்று முதல் வழியிலும் மற்றொன்று இரண்டாம் வழியிலும் கணக்கு எழுதினால், ஒன்று ஏழை போலவும் மற்றது பணக்காரர் போலவும் தெரியும். மண் ஒன்றுதான்.

நிலம் நிரந்தரப் பட்டாவா, 99 ஆண்டுக் குத்தகையா என்பதையும் பார்க்க வேண்டும். நிரந்தரப் பட்டா நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. குத்தகை நிலத்தின் மதிப்பு ஆண்டுதோறும் ஏட்டில் குறைந்துகொண்டே வரும்.

மண் மேல் நிற்கும் மரத்தின் கதை இன்னும் சுவையானது. இன்றைய கணக்கியல் தரத்தில் செம்பனை மரம் ஓர் இயந்திரம் போல் நடத்தப்படுகிறது. நட்டு வளர்க்க ஆன செலவைச் சொத்தாக எழுதி, காய்க்கும் ஆண்டுகள் முழுவதும் தேய்மானம் கழிக்கிறார்கள். மரத்தில் தொங்கும் குலைக்கு மட்டும் அன்றைய நியாய விலையைத் தனியே கணக்கிடுகிறார்கள். நட்டு வளர்க்கும் செலவு என்றால் எது? காடு வெட்டிய கூலி, குழி தோண்டிய கூலி, கன்று நட்ட கூலி எல்லாம் அதில் அடக்கம். ஆக, தோட்டத்தின் புத்தக மதிப்புக்குள் பாட்டாளியின் வியர்வையும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்றைய நாட்கூலிக் கணக்கில் இருக்கிறது. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போகிறது. அந்த உழைப்பினால் உயர்ந்த நிலத்தின் விலையோ சந்தையில் இருக்கிறது. ஏட்டுக்கும் சந்தைக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளி, தோட்டம் கைமாறும் நாளில்தான் பணமாக மாறும். அன்றைக்கு அது பங்குதாரருக்குப் போய்ச் சேரும்.

பங்கு வாங்கும் பொதுமக்களுக்கும் இது பொருந்தும். ஜொகூர் மாநில அரசின் ஜொகூர் கார்ப்பரேஷன் குழுமத்தைச் சேர்ந்த ஜொகூர் பிளாண்டேஷன்ஸ் குரூப், 2024 ஜூலை 9ஆம் தேதி புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்டது. வெளியீட்டு விலை பங்குக்கு 84 காசு. திரட்டிய தொகை 73 கோடியே 50 லட்சம் வெள்ளி. இப்படி ஒரு தோட்ட நிறுவனத்தின் பங்கு விலையைப் பார்க்கும்போது, “84 காசுதானே, மலிவு” என்று சொல்வதில் பொருளில்லை. ஒரு பங்குக்கு நிகரச் சொத்து எவ்வளவு, அதில் நிலம் எந்த ஆண்டு விலையில் எழுதப்பட்டிருக்கிறது, கடன் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் மலிவா, விலை கூடுதலா என்று சொல்ல முடியும்.

ஏடு ஏமாற்றும் வேளைகள்

ஏட்டில் குறைவாக எழுதியிருக்கும், உண்மையில் அதிகம் இருக்கும் என்றே நினைத்துவிடக் கூடாது. தலைகீழாகவும் நடக்கும்.

அமெரிக்கக் கோடீசுவரர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே நிறுவனம் ஒரு காலத்தில் துணி ஆலை நடத்தியது. 1985இல் அதை மூடியபோது, இயந்திரங்களின் புத்தக மதிப்பு சுமார் 8,66,000 டாலர். வாங்கும்போது ஆன செலவு ஏறக்குறைய ஒரு கோடியே 30 லட்சம் டாலர். ஏலத்தில் கிடைத்ததோ 1,63,000 டாலர் சொச்சம். 1981இல் தலா 5,000 டாலர் கொடுத்து வாங்கிய தறிகளை 50 டாலருக்குக்கூட வாங்க ஆளில்லை. கடைசியில் 26 டாலர் வீதம் பழைய இரும்பாகப் போயின. தேய்மானம் எல்லாம் ஒழுங்காகக் கழித்துத்தான் இருந்தார்கள். தொழிலே செத்த பிறகு ஏட்டில் உள்ள எண்ணுக்கு உயிர் ஏது?

இது நேர்மையாக எழுதிய ஏட்டின் கதை. ஏட்டிலேயே பொய் இருந்தால்? 2009 ஜனவரி 7ஆம் தேதி ஐதராபாத்தின் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, ஏட்டில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று தாமே எழுதிக் கொடுத்தார். ஒரே நாளில் அந்தப் பங்கின் விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஏட்டில் மிகவும் நம்பகமான சொத்து எது என்றால் ரொக்கம் என்றுதான் யாரும் சொல்வார்கள். அந்த ரொக்கமே அங்கே காகிதத்தில் மட்டும் இருந்தது. புத்தக மதிப்பின் தரம் புத்தகம் எழுதுகிறவரின் தரத்தைத் தாண்டாது.

அண்ணன் தம்பி கடைக் கணக்கு

பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு வீட்டுக்குப் பக்கத்தில் வருவோம். ஜொகூர் பாரு லிட்டில் இந்தியாவில், ஜாலான் உங்கு புவானில், அண்ணனும் தம்பியும் சரிபாதிக் கூட்டாக ஒரு மளிகைக் கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். தம்பி விலக நினைக்கிறார். “என் பங்கைக் கொடுத்துவிடுங்கள் அண்ணே” என்கிறார். அண்ணன் ஐந்தொகையை எடுத்து வைக்கிறார்.

கடைக் கட்டிடம் 80,000 வெள்ளி. வேன் 40,000. சரக்கு 90,000. வாடிக்கையாளரிடம் வர வேண்டிய கடன் 30,000. ரொக்கம் 20,000. ஆக மொத்தம் 2,60,000. வங்கிக் கடன் 60,000, சரக்கு கொடுத்தவர்களுக்குப் பாக்கி 40,000. இந்த ஒரு லட்சத்தைக் கழித்தால் மிச்சம் 1,60,000. தம்பிக்குப் பாதி, 80,000 வெள்ளி. ஏட்டுக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அண்ணன் ஏமாற்றவும் இல்லை.

ஆனால் கட்டிடம் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. இன்றைக்கு விற்றால் 7,00,000 வெள்ளி போகும் என்றால், ஏட்டுக்கு வெளியே 6,20,000 வெள்ளி இருக்கிறது. மறுபக்கம், வர வேண்டிய கடனில் 20,000 இனி வரவே வராது. சரக்கில் 15,000 வெள்ளிச் சாமான் காலாவதியாகிவிட்டது. இவற்றைச் சரிசெய்தால் நிகரச் சொத்து 7,45,000 வெள்ளி. பாதி 3,72,500. முதலில் சொன்ன 80,000 எங்கே, இது எங்கே!

இதோடும் முடியவில்லை. “அந்தக் கடைக்குப் போனால் நல்ல சாமான் கிடைக்கும்” என்று ஊரார் சொல்லும் பேருக்கு ஒரு விலை உண்டு. அதற்கு நன்மதிப்பு என்று பெயர். தானாக வளர்த்த நன்மதிப்பைக் கணக்கு ஏட்டில் எழுத அனுமதி இல்லை. இன்னொருவருடைய தொழிலை விலைக்கு வாங்கும்போது, நிகரச் சொத்துக்கு மேல் கொடுத்த தொகைதான் அந்தப் பெயரில் ஏட்டில் ஏறும். ஆகவே இருபது ஆண்டு நின்று கட்டிய பேர் ஐந்தொகையில் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

கூட்டுத் தொழில் தொடங்கும் நாளிலேயே, விலகுபவருக்கு எந்த மதிப்பில் பங்கு தருவது என்று எழுதி வைத்துவிட்டால் இந்தத் தகராறு வராது. புத்தக மதிப்பா, மதிப்பீட்டாளர் சொல்லும் சந்தை மதிப்பா, நன்மதிப்பு சேருமா சேராதா? உறவு இனிக்கும்போது இதைப் பேசுவது சங்கடமாக இருக்கும். உறவு கசந்த பிறகு பேசவே முடியாது.

பங்குதாரர் கேட்க வேண்டியவை

உங்கள் கையில் உள்ள பங்குக்கு யாராவது விலை சொல்லும்போது சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அண்மைய ஐந்தொகைப்படி ஒரு பங்குக்கு நிகரச் சொத்து எவ்வளவு? அதில் நிலம், கட்டிடம் எந்த ஆண்டு விலையில் எழுதப்பட்டிருக்கின்றன? வர வேண்டிய கடனில் உண்மையில் எவ்வளவு வரும்? ரொக்கத்தையும் வங்கி இருப்பையும் சரிபார்த்த கணக்காய்வாளர் யார், அவர் ஏதேனும் ஆட்சேபம் எழுதியிருக்கிறாரா? நிறுவனம் இலாபம் ஈட்டுகிறதா, அல்லது ஆண்டுதோறும் நட்டம் அந்த நிகரச் சொத்தைத் தின்றுகொண்டிருக்கிறதா?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். இன்றைக்குப் பங்குக்கு ஒரு வெள்ளி 20 காசு நிகரச் சொத்து இருக்கலாம். ஆண்டுக்கு 10 காசு நட்டம் வந்தால் நான்கு ஆண்டில் அது 80 காசாகிவிடும். இன்றைய 80 காசு நல்ல விலையா என்பதை அந்த ஓட்டத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கணக்கறிக்கையைப் பெறுவது பங்குதாரரின் உரிமை. அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அஞ்சலில் வரும் அறிக்கையைப் பிரிக்காமலே அலமாரியில் போடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். நிறுவனங்கள் தாக்கல் செய்யும் கணக்குகள் பலவற்றை மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பெறலாம். ஆங்கிலமும் மலாயும் தடையாக இருந்தால், படித்த பிள்ளையை அருகில் உட்கார வைத்து இரண்டே எண்களைத் தேடச் சொல்லுங்கள். மொத்தச் சொத்து எவ்வளவு, மொத்தக் கடன் எவ்வளவு? கழித்துப் பார்க்க நான்காம் வகுப்புக் கணக்கு போதும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உண்மைதான். ஏட்டில் உள்ள எண்ணை அப்படியே கொண்டுபோய்க் கடையில் மாற்ற முடியாது. ஆனால் சுரைக்காயை விலை பேச ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது, கொடியில் எத்தனை காய் என்று எழுதி வைத்த ஏடு கையில் இருப்பது நல்லது. ஏட்டைப் பார்க்காமல் பேரம் பேசுகிறவர், வந்தவர் சொன்னதையே விலையாக எடுத்துக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டியிருக்கும்.